மாட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கம்

"உங்க அப்பா எந்த மாவட்டத்துல மூச்சு வாங்குறாரு?" என்று போனில் கேட்டார் கிழக்கு மாவட்ட உதவித் தலைவி அதியேனோ.

ஒடேராவுக்கு விளங்கவில்லை. விடிந்ததிலிருந்து அப்பா வாங்கிக்கொண்டிருந்ததே அரை மூச்சு.

"பெரிய குடிசையிலதான் தலைவியம்மா. ஆம்புலன்ஸை அனுப்புங்க."

"பெரிய குடிசை மேற்கு மாவட்டம்பா. புது எல்லை உங்க மாட்டுப்பட்டி நடுவுல போகுது. எங்க வண்டி கிழக்கு நோயாளிக்கு மட்டும்தான்."

மேற்கிலும் ஓர் ஆம்புலன்ஸ் இருந்தது. அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஒடேராவும் மனைவி அடோங்கோவும் அப்பாவைக் கட்டிலோடு தூக்கி, பட்டிச் சாணியில் வழுக்கி, கிழக்கே இருந்த சமையல் குடிசையில் இறக்கினார்கள். அடுப்புப் புகையில் அரை மூச்சு கால் மூச்சானது.

"இப்ப கிழக்குல இருக்காரும்மா."

"கட்டிலைத் தூக்கினா குடி மாறிடுமா? செத்தவங்க எங்க படுத்திருக்காங்களோ அதுதான் ஒரு குடும்பத்துக்கு ஊரு. கிழக்குல உங்களுக்குச் சமாதி இருக்கா?"

இல்லை. பாட்டன் பூட்டன் எல்லோரும் மேற்கே படுத்திருந்தார்கள். ஆனால் சந்தையில் மீன் விற்றுப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"இருக்கே. எங்க அண்ணன் ஊக்கோ, ஏரியில முழுகிட்டாரு. உடம்பு கெடைக்கல. யாகோ காயைத்தான் புதைச்சிருக்கோம்."

உடல் கிடைக்காதவருக்குப் பதிலாக அந்த நீளக் காயைப் புதைப்பது அங்கே வழக்கம். ஊக்கோ அந்த நேரம் தீவில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"அடப் பாவமே," என்றார் அதியேனோ. "நேர்ல வந்து பார்க்குறேன்."

ஒடேரா அவசரமாகக் குழி வெட்டினான். அடோங்கோ காயைக் கொடுத்தாள். "உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா, உங்களையும் பக்கத்துலயே புதைப்பாரு."

தலைவி தனியாக வரவில்லை. ஒப்பாரி வைக்கப் பாதி ஊரைக் கூட்டிவந்தார். மண்மேட்டைப் பார்த்தார், திருப்தி. பட்டியைப் பார்த்தார், திருப்தியில்லை.

"மாடு அறுக்காம என்ன சாவு?"

ஆம்புலன்ஸ் வராவிட்டால் அப்பாவை மாட்டுவண்டியில் கொண்டுபோகலாம் என்று ஒடேரா நினைத்திருந்தான். அந்த வண்டியின் ஒரே காளை சட்டிக்குப் போனது. சட்டி வைக்கச் சமையல் குடிசை வேண்டுமென்று, வந்தவர்கள் அப்பாவைக் கட்டிலோடு தூக்கி மறுபடி மேற்கே போட்டார்கள்.

"அம்மா, அவரு கிழக்குல..."

"அதான் சமாதி இருக்கே. இனி அவரு எங்க படுத்தா என்ன? வண்டிக்குச் சொல்லிட்டேன்."

வண்டி வந்தது. பின்கதவு திறந்தது. பந்தல் துணி இறங்கியது, நாற்காலிகள் இறங்கின, மேளக்காரர் இறங்கினார். ஒடேரா பெரிய குடிசைக்கு ஓடினான். வாசலில் அடோங்கோ தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தாள். ஊரே அழுதுகொண்டிருந்ததால் அவள் குரல் தனியாகக் கேட்கவில்லை.

டிரைவர் ஒகோலா உள்ளே போய்ப் பெரியவரின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். ஒடேராவை ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்துதான் ஊக்கோவைப் படகுத்துறையில பார்த்தேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா, சமாதியைப் பார்த்து வண்டி வரலண்ணே, சாவுன்னாங்க, வந்துச்சு. எல்லையெல்லாம் நோயாளிக்குத்தான், பொணத்துக்குக் கெடையாது. காலையில அண்ணனுக்குப் பதிலா அப்பா செத்துட்டாருன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அவரு பொழைச்சிருப்பாரு."