ஆறு கால் தேன்சிட்டு

"ஏப்பா மருதாசலம், எந்த ஊர்லப்பா தேன்சிட்டுக்கு ஆறு காலு?"

கந்தம்மாள் கேட்டதும் மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் கல்யாணத்துக்கு அந்த அம்மாள் சொல்லி அவன் தறியில் நெய்த கூறைப்பட்டு அது. முந்தானையில் ஒரு சோடித் தேன்சிட்டு. நாளை மறுநாள் முகூர்த்தம். சேலை திரும்பினால் இராசிபுரத்தில் இனி எந்தக் கல்யாண வீடும் அவன் வாசலை மிதிக்காது.

"எங்கூட்டுக்கு ராசியான குருவிப்பா அது!"

"பொழுதுக்குள்ள சரி பண்ணிப்போடறனுங்கம்மா."

கூடுதல் கால்களை மறைக்க, ஊசியும் சரிகையுமாக வயிற்றடியில் வட்டமாக ஓர் இலை போட்டான். மனைவி பாப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, ரண்டும் முட்டை மேல உக்காந்திருக்குது? கலியாணத்துக்கு முன்னாலயேவா?"

இலையைப் பிரித்தான். பட்டில் பொத்தல் விழுந்தது. அதை மூட நீளமாக வால் போட்டான். தலையில் இருந்த இரண்டு கொம்புகளையும் சேர்த்துக் கொண்டையாக்கினான்.

சாயங்காலம் கந்தம்மாள் வந்து விரித்துப் பார்த்தாள். "இப்பச் சேவலாயிருச்சு!"

மருதாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "கண்ணால கண்டதைத்தானுங்கம்மா நெய்ஞ்சேன். செவுத்துல ஒட்டியிருந்தப்பக் காலைக்கூட எண்ணிப் பாத்தனுங்க. வாங்க, காட்டறேன்."

புழக்கடையில் அந்திமந்தாரை பூத்திருந்தது. கந்தம்மாளின் வண்டியோட்டி சென்னிமலையும் பின்னாலேயே வந்து நின்றான்.

அது வந்தது. பூவைத் தொடாமல் அந்தரத்தில் அப்படியே நின்றது. இறக்கை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை. இதழ்கூட அசையவில்லை. சுருட்டி வைத்திருந்த நாக்கைப் பட்டு இழைபோல நீட்டிப் பூவுக்குள் விட்டது. கந்தம்மாளுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனூண்டு உடம்புக்குள் இவ்வளவு வித்தையா! வந்த கோபம்கூட மறந்துபோயிற்று.

பாப்பாயிதான் மெல்லச் சொன்னாள். "தேன்சிட்டு காம்புல உக்காந்தல்லங்க குடிக்கும்? பொழுது சாஞ்சா கூட்டுக்குப் போயிரும். இதுக்குக் கொம்பு, ஆறு காலு... அட, இது விட்டில்பூச்சிங்க!"

பகலெல்லாம் தறிக்குழியில் கிடப்பவன் தேன்சிட்டை எங்கே கண்டான்? அந்தியில் வெளியே வந்தால், பூவில் தேன் குடிப்பதெல்லாம் அவனுக்குத் தேன்சிட்டுத்தான்.

கந்தம்மாள் சுதாரித்துக்கொண்டாள். "அழகுதான், இல்லேன்னு சொல்லல. அதுக்காகப் பூச்சியவா எம் மருமவளுக்குக் கட்டியுடறது?" சேலையை அவன் கையிலேயே திணித்தாள்.

சென்னிமலை தலையைச் சொறிந்தான்.

"அம்மா, வெளக்கு வெச்சதும் நம்மூட்டுப் பூச்செடிகிட்ட நின்னு தெனம் நீங்க கும்புடற தேன்சிட்டு இதேதானுங்களே!"