பட்டியலில் இல்லாத ஊர்

கணினி முதலிடம் கொடுத்திருந்த ஊரைப் பார்த்ததும் ரஸ்ஸல் டின்ஸ்மோர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தான். அது அவன் குடியிருக்கும் ஊர்.

அமெரிக்காவில் அடுத்தபடியாக எல்லோரும் குடியேறத் துடிக்கப்போகும் பத்து ஊர்கள் என்று ஒரு பத்திரிகை வருடா வருடம் பட்டியல் போடும். அதைத் தயாரிப்பவன் ரஸ்ஸல். காபிக் கடை எத்தனை, சைக்கிள் பாதை எவ்வளவு நீளம், நாய்களுக்குப் பூங்கா உண்டா என்று மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். ஜோசியம்தான். என்ன, பல் வைத்தியக் காப்பீடும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஜோசியருக்குத் தன் ஜாதகம் மட்டும் சரியில்லை. எந்த ஊரில் வாடகைக்குப் போனாலும் இரண்டு வருடத்தில் அந்த ஊருக்கு மவுசு வந்துவிடும், வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிடுவார். மூன்று ஊர் இப்படிப் போயிற்று. மூன்றிலும் அவன் மனைவி லோர்னா கொல்லையில் அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறியை நட்டாள். நட்ட மூன்றாம் வசந்தத்தில்தான் அதன் தண்டை அறுக்க முடியும். மூன்று முறையும் அறுத்துத் தின்றது வேறு யாரோ.

இப்போது குடியிருக்கும் ஓஹையோவின் ஹார்லன் கிரீக்கில் மூன்றாம் வசந்தத்துக்கு இன்னும் மூன்றே மாதம் இருந்தது.

"இந்தத் தடவை ஒரு தட்டைக்கூட நான் காகிதத்துல சுத்த மாட்டேன்" என்றாள் லோர்னா. "நீ வேணா போ. நான் தண்டு அறுத்துட்டுத்தான் கெளம்புவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். ரஸ்ஸலுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

முதலில் ஊரைப் பற்றிக் குறை எழுதினான். சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டால் ஊரே முக்கால் மணி நேரம் நகராது என்று எழுதினான். அதைப் படித்த பத்திரிகை ஆசிரியர் பிரெண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவசரமே இல்லாத ஊரா? இதுக்குத்தான்யா ஜனங்க ஏங்கிக் கெடக்குறாங்க." கூடப் பத்து மதிப்பெண் போட்டாள்.

அடுத்து, நகர மன்றம் நாய்ப் பூங்கா அமைக்கப்போவதாகக் கேள்விப்பட்டான். அது வந்தால் மதிப்பெண் இன்னும் ஏறும். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மைக்கில் மூன்று நிமிடம் பேசலாம். வாழ்நாளில் ஒரு நாயையும் அதட்டியிராத ரஸ்ஸல், மூன்று நிமிடமும் நாய்களைத் திட்டினான். அவனுக்குப் பதில் சொல்ல நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பாதியில் யாரோ வீட்டுக்குப் போய் எல்லோருக்குமாக ஆப்பிள் பை சுட்டு எடுத்து வந்தார்கள். பூங்கா இரண்டு மடங்கு பரப்பில் ஒருமனதாக நிறைவேறியது.

பிரெண்டா அந்த வீடியோவைப் பார்த்தாள். ஊர்க் கூட்டத்துக்கு இத்தனை பேர் வருகிற ஊரை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று, அண்டை அயலார் ஒற்றுமைக்குத் தனியாக இருபது மதிப்பெண் சேர்த்தாள். ரஸ்ஸல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அச்சுக்குப் போகும் நாள் அவன் துணிந்துவிட்டான். ஹார்லன் கிரீக்கை அழித்துவிட்டு, கேன்சஸில் டக்வொர்த் என்ற ஊரை முதலிடத்தில் வைத்தான். அதை அவன் வரைபடத்தில்தான் பார்த்திருந்தான். ஒரு பெட்ரோல் பம்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. மனசாட்சி உறுத்தியது. லோர்னாவை நினைத்து அதை அடக்கினான்.

பத்திரிகை வந்தது. ஹார்லன் கிரீக் பெயரே இல்லை. ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று.

எட்டாம் நாள் வீட்டுக்கார அம்மாள் கோர்ஸ்கி ஒரு தட்டு பிஸ்கட்டோடு வாசலில் நின்றார். அந்தப் பக்கத்தில் கெட்ட செய்தி பிஸ்கட்டோடுதான் வரும். வீடு விலையாகிவிட்டது, ஏப்ரலுக்குள் காலி செய்ய வேண்டும், வாங்குகிறவர் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, ஒரு பிஸ்கட்டைத் தானே எடுத்துக் கடித்துக்கொண்டார்.

சாமான் ஏற்ற டுவேன் வந்தான். முதல் ஊருக்குக் குடிபோனதிலிருந்து எல்லா முறையும் அவன்தான் ஏற்றினான். ஒவ்வொரு முறையும் லாரி மட்டும் புதிதாகவும் பெரிதாகவும் ஆகிக்கொண்டிருந்தது. கொல்லையில் அஸ்பாரகஸ் ஓர் அங்குலம் தலைகாட்டியிருந்தது. லோர்னா அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா அவ அறுத்திருப்பா, டுவேன்" என்றான் ரஸ்ஸல். "பட்டியல்ல ஊர் பேரே வராம பாத்துக்கிட்டேன். அப்புறமும் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாங்களோ."

டுவேன் சோபாவை லாரிக்குள் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஆசையாக எட்டிப் பார்த்தான்.

"பட்டியலை யாரு சார் படிக்கிறா? அதைப் போடுறவர் எங்க குடிபோறார்னு பாத்துதான் நாலு வீட்டையும் நான் வாங்கினேன். அம்மா கைராசி, மூணு தோட்டத்துலயும் தண்டு அருமையா இருந்துச்சு."