ஒன்பது ஊதாவும் ஒரு நோயாளியும்

என் முகத்தில் ஒரு சிட்டிகை பவுடர்கூடப் படக்கூடாது என்று நான் சபதம் எடுத்தது ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். சனிக்கிழமை மத்தியானம் நான் செத்துப்போனதாகவே நம்பினேன். இடையில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு வெளியில் சொல்லாதீர்கள்.

நான் தங்கராசா. ஊர் நெடுங்கேணி. காட்டோரத்தில் நாலு ஏக்கர் வயல், ஒரு உழவு மெசின், ஒரு மீசை. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னைத் தலைவராக்குவதென்று பேச்சு. போட்டி கிடையாது. மூன்று நாளைக்கு மரியாதை கெடாமல் இருந்தால் போதும்.

மனைவி ராஜினி வவுனியாவில் ஆறு மாதம் மணமகள் அலங்காரம் படித்தவள். யூடியூப்பில் சனல் வைத்திருக்கிறாள். பார்ப்பவர்களில் பாதிப்பேர் கனடாவில். அவர்களுக்கு இப்போது இலையுதிர் காலமாம். இலை உதிரும்போது கண்ணுக்கு ஊதா பூச வேண்டுமாம். எங்களுக்குத் தெரிந்தது மாரியும் கோடையும்தான். இலை உதிர்ந்தால் கூட்டி எரிப்போம். கண்ணில் பூசுவதில்லை.

"இஞ்சேருங்கோ, இதைப் பாருங்கோ" என்று ஒரு தட்டைப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். உள்ளே ஒன்பது சின்னக் குழிகள். ஒன்பதிலும் ஊதா. கத்தரிப்பூவில் தொடங்கி நாவல்பழத்தில் முடிந்தது.

"கட்டாக் கருவாடு ஒரு கிலோ விலைகூட இல்லை. இவ்வளவு மலிவில நல்லதோ, கூடாதோ எண்டு பூசிக் காட்டவேணும். கனடாச் சனம் கேட்டுக்கொண்டு இருக்குது. சனிக்கிழமை போடுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"பூசும். ஆர் வேண்டாமெண்டது?"

"என்ர கண்ணை மூடிக்கொண்டு நானே பூசி, நானே வீடியோவும் எடுக்கிறதோ? ஒரு ஆள் இருக்கவேணும்."

"பக்கத்து வீட்டுச் சிவரூபியைக் கூப்பிடும்."

"அவளுக்கு இமை சின்னன். உங்களுக்குத்தான் நல்ல அகலம். மூண்டு நிறம் வரிசையாப் பூசலாம்."

"எனக்கோ!"

"கண் மட்டும்தான் எடுப்பன். மீசை வராது. ஒருத்தருக்கும் தெரியாது."

"இஞ்சேரும், நான் தலைவராகப் போற மனிசன்."

"தலைவருக்கு இமை இல்லையோ?"

இருபத்தாறு வருடத்தில் ராஜினியிடம் நேராக 'மாட்டன்' என்று சொன்ன அனுபவம் எனக்கு இல்லை. "நாளைக்குப் பாப்பம்" என்றேன். மனதுக்குள்தான் அந்தச் சபதம்.

அன்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நோயில் படுத்த வருத்தக்காரனை யார் அலங்கரிப்பார்கள்? கண் கறுத்து, முகம் செத்துக் கிடப்பவனை எந்தக் கனடாக்காரி பார்ப்பாள்? ஆனால் எனக்கோ உடம்பில் ஒரு குறையுமில்லை. கண் கறுக்க வழி வேண்டுமே. வழி அலுமாரிக்குள் இருந்தது. ஒன்பது குழியில்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கோழிகளுக்குத் தீன் போடப் போன நேரம் பெட்டியைத் திறந்தேன். மழை இருட்டு. ஏழாவது குழியில் பெருவிரலை அமுக்கி இரண்டு கண்ணுக்குக் கீழும் இழுத்தேன். அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தேன். உள்ளே நின்றவன் மூன்று நாளைக்கு முன் செத்து, இன்னும் யாரும் சொல்லாததால் நடமாடுகிறவன் போலிருந்தான். நல்லது என்று படுத்துவிட்டேன்.

ராஜினி வந்தாள். குனிந்து பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"ஐயோ, என்னப்பா இது? ஆஸ்பத்திரிக்குப் போவம், வெளிக்கிடுங்கோ."

"வேண்டாம், வேண்டாம்! படுத்தால் சுகமாகும்."

டொக்டர் ஒரு பஞ்சை நனைத்துத் துடைத்தால் என் வருத்தம் பஞ்சோடு போய்விடுமே.

"சரி, படுங்கோ. பால் தேத்தண்ணி தரட்டே?"

அப்போதே எனக்கு முதுகு குளிர்ந்திருக்க வேண்டும். காய்ச்சல் நூற்றுமூன்றில் நின்றபோதும் 'எழும்பி நடவுங்கோ, போயிடும்' என்றவள் ராஜினி. இன்றைக்குத் தேநீர் கொண்டுவந்தாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள். செத்த வீட்டில் கதைக்கிற மாதிரி மெதுவாகக் கதைத்தாள்.

நான் ஒருமுறை படுத்தால் உழவு மெசின் மேலே ஏறினாலும் தெரியாது. கண் விழித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மழை விட்டிருந்தது. ஒரு சத்தமில்லை. ஜன்னல் வழியே தெரிந்த தேக்கங்காடு அசையவில்லை. எங்கோ ஒரு செண்பகப் பறவை மட்டும் அடித்தொண்டையில் விட்டுவிட்டுக் கத்தியது. எழுந்து கண்ணாடிக்குப் போனேன்.

என் இமைகள் ஊதாவாக இருந்தன.

கீழே பூசியது நான். மேலே பூசவில்லை. நித்திரையில் கையால் தேய்த்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தேன். துடைத்த இடத்துக்கு அடியில் இன்னொரு ஊதா இருந்தது. அது ஏழாவது குழியின் நிறமில்லை. கையால் தேய்த்தால் ஏழாவது எப்படி மூன்றாவதாக மாறும்?

வெளியே வந்தேன். பன்னிரண்டு வருடமாக என் கையால் சோறு தின்கிற நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது. காதை மடித்தது. பின்காலால் நகர்ந்து நகர்ந்து மாட்டுக்கொட்டிலுக்குள் போய், அங்கே நின்று உறுமியது.

"ராஜினி, என்ர கண் எப்பிடியிருக்கு?"

அவள் குசினி அடுப்படியில் நின்றபடி முகத்தைத் திருப்பவேயில்லை.

"காலமை இருந்த மாதிரித்தான். ஏன் கேக்கிறீங்கள்?"

"மேலயும் கறுத்திருக்குதோ?"

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "உங்களுக்குத் தெரியுதோ?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு இரவுச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை விடிய எழும்பிக் கையைப் பார்த்தேன். பத்து நகமும் நாவல்பழம். கண்ணாடிக்கு ஓடினேன். உதடும் அதே நிறம். இமையில் நேற்று இருந்த நிறம் இல்லை. அதைவிடக் கறுத்த இன்னொன்று. உள்ளே நின்றவன் இப்போது மூன்று நாளைக்கு முன் செத்தவன் அல்ல. மூன்று வாரம்.

"ஆஸ்பத்திரி! என்னை உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்!"

"நேற்று வேண்டாமெண்டனீங்கள்."

"இண்டைக்கு வேணும்!"

"எப்ப தொடங்கினது எண்டு டொக்டர் கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

கண்ணுக்குக் கீழே இருப்பது என் வேலை, மற்றதெல்லாம் யமன் வேலை என்று எந்த டொக்டரிடம் சொல்வது? செயலாளர் தன் மனைவியின் பூச்சைத் திருடிப் பூசினார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தெரியும். சாகவும் பயம், பிழைக்கவும் வெட்கம். அப்படி ஒரு நிலை எதிரிக்கும் வரக்கூடாது.

ராஜினியே வேலிக்கு மேலால் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னையா அண்ணை வந்தார். சிவரூபியின் தகப்பன். விஷக்கடிக்குப் பார்வை பார்க்கிறவர். என் இமையைத் தூக்கிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். குனிந்து காலைப் பார்த்தார். அங்கே நின்றுவிட்டார்.

"தம்பி, இதென்ன?"

இடது கணுக்காலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊதாப் புள்ளிகள்.

"அண்ணை, எனக்கு ஒண்டும் கடிச்சமாதிரித் தெரியேல்லையே?"

"விரியன் நித்திரையில தீண்டினால் ஆருக்குத் தெரியும்?"

"அப்ப… நான் பிழைப்பனோ?"

"சொன்னபடி இருந்தால். கதிரையில நிமிர்ந்து இருக்கவேணும். அசையக்கூடாது. கதைக்கக்கூடாது. நித்திரை கொள்ளக்கூடாது. ஆனா கண்ணை மூடியிருக்கவேணும். உப்பில்லாத கஞ்சிதான் சாப்பாடு. முகம் கழுவவே கூடாது. இமைக்கு மருந்து பூசவேணும். அதைத் தங்கச்சி பூசட்டும்" என்று ராஜினியைக் காட்டினார்.

"என்ன மருந்து அண்ணை?"

"கதைக்கக்கூடாதெண்டு இப்பத்தானே சொன்னனான்?"

முன் அறையில் கதிரை போட்டார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடினேன். பொன்னையா அண்ணை ஏதோ முணுமுணுத்தார். வேப்பிலை மணந்தது. பிறகு இமையில் ஏதோ தொட்டது. வேப்பிலை இல்லை. விரலும் இல்லை. பூனை வால் நுனி மாதிரி மெத்தென்று, குளிர்ந்து, மூக்கோரத்தில் தொடங்கிக் காதுப்பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. இவ்வளவு மென்மையாக உயிரோடு இருக்கிற யாரும் என்னைத் தொட்டதில்லை. என் அம்மாகூட.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். "அழக்கூடாது, மருந்து கரையும்" என்று ராஜினியின் குரல் கேட்டது. "பரவாயில்லை, கரையேல்லை" என்று அவளே தனக்குள் சொன்னதும் கேட்டது. அந்தக் குரலில் ஒரு சந்தோஷம். விதவையாகப் போகிறவளுக்கு என்ன சந்தோஷம்?

அப்போதுதான் மூடிய இமைக்கு வெளியே வெளிச்சம் வந்தது. சூரிய வெளிச்சமில்லை, அன்றைக்கும் மழை இருட்டுத்தான். பொறுக்க முடியாமல் இடது கண்ணை ஒரு நூல் அளவு திறந்தேன்.

என் முகத்துக்கு நேரே அந்தரத்தில் ஒரு வெள்ளை வட்டம். பெரிய வட்டம். நடுவில் ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. சாகிறவனுக்கு ஒரு வாசல் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது வட்டமாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

"ராஜினீ!" என்று கத்தினேன். "முதலாவது ஊதா நான் பூசினது! பொய் வருத்தம்! உம்மட பெட்டியில எடுத்தது! அந்தப் பாவத்துக்குத்தான் மற்றதெல்லாம் வந்தது! என்னை மன்னியும், நான் போறன்!"

"அசையாதேங்கோ!" என்றாள் ராஜினி. "கோடு பிசகுது."

முழுக் கண்ணையும் திறந்தேன். வெள்ளை வட்டம் ஒரு தடியில் நின்றது; வீடியோ எடுக்க வைக்கிற வளைய விளக்கு. அதன் நடுவில் அவளுடைய போன். அவள் கையில் ஒரு தூரிகை.

"முதலாவது உங்கட எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "ஏழாவது குழியில வெடிச்ச பெருவிரல் அச்சு. உரமூட்டை தூக்கிற விரல் இந்த வீட்டில வேற ஆருக்கு இருக்கு? அதோட ஏழாவதுக்குள்ள மினுக்கம் கலந்திருக்கு. எந்த வருத்தக்காரனுக்குக் கண்ணுக்குக் கீழ மினுங்கும்?"

"அப்ப மற்ற ஊதா?"

"நான்தான். நீங்கள் படுத்தால் மாடு மிதிச்சாலும் தெரியாதே. ஒரு பகல், ஒரு இரவு, வேர்வை, இப்பக் கண்ணீர். ஒண்டுக்கும் கரையேல்லை. மலிவெண்டாலும் நல்ல சாமான்."

"அண்ணை! நீங்களுமோ?"

பொன்னையா அண்ணை வேப்பிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சிவரூபிக்குத் தையில கலியாணம் தம்பி. தங்கச்சிதான் அலங்காரம்."

கோபம் உச்சிக்கு ஏறியது. உயிர் திரும்பிய மகிழ்ச்சி அதற்குமேல் ஏறியது. எழுந்து நின்றேன். "முடிஞ்சுது! இனி ஒரு பூச்சும் இல்லை!" என்று தலைவர் குரலில் சொன்னேன்.

"சரி" என்றாள் ராஜினி. தூரிகையைத் துடைத்தாள். "ஆறு நிறம் முடிஞ்சுது. மூண்டு மிச்சம். பரவாயில்லை, விடுவம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்டு கேக்கவேணும். இமை, நகம், உதடு நான். காலில இருக்கிற ரெண்டு புள்ளி ஆர்?"

"நீர்தானே?"

"நானில்லை. காலுக்கு நான் போகவேயில்லை."

பொன்னையா அண்ணையைப் பார்த்தேன். அவர் என் காலைப் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். வெளியே நாய் ஒருமுறை ஊளையிட்டது.

நான் திரும்பவும் கதிரையில் போய் இருந்தேன். நிமிர்ந்து இருந்தேன். கண்ணை நானே மூடிக்கொண்டேன்.

மிச்சம் மூன்று நிறமும் நிதானமாக ஏறின. உப்பில்லாத கஞ்சியும் குடித்தேன். பொழுதுபடக் கிணற்றடியில் காலில் சோப்பு போட்டபோது இரண்டு புள்ளியும் ஊதாத் தண்ணீராக ஓடிப்போயின.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்னைத் தலைவராக்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும்தான் எடுத்தாள், மீசை வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தபோது கனடாவிலிருந்து என் அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, ராஜினின்ர வீடியோ பார்த்தனான். அந்த மொடல் பிள்ளை நல்ல வடிவடா. இடக்கண்ணுக்குக் கீழ எங்கட அம்மாவுக்கு இருந்த மாதிரி ஒரு மச்சம். அடக்க ஒடுக்கமா, சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு இருக்குது. இஞ்ச எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியனுக்குப் பொம்பிளை பாக்கினம். அவள் கட்டிட்டாளோ?"

குசினிப் பக்கம் பார்த்தேன். ராஜினி தலையை நீட்டி, என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"கட்டிட்டாள் அக்கா" என்றேன். "இருபத்தாறு வருசமாச்சு. இனித் தப்ப வழியில்லை."