சாயம் போன புத்தக மிஷின்

அன்புள்ள மாப்பிள்ளை ஆனந்தகுமார் அவர்களுக்கு,

பாளையம்பட்டி சேலைக்கடையிலிருந்து மாமா தங்கசாமி எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், மனசுக்குத்தான் நலமில்லை. தாங்களும் மகள் சுகப்பிரியாவும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பர்கூடப் படிக்க முடியாமல் இருந்தவனுக்கு, சிலேட்டு அளவில் நூறு புத்தகம் அடங்கும் கலர் புத்தக மிஷின் அனுப்பினீர்கள். மாமனார் மாப்பிள்ளைக்குச் செய்வதுதான் முறை; நீங்கள் எனக்குச் செய்தீர்கள். எழுத்தைச் சுண்டைக்காய் அளவுக்குப் பெருக்கி, உச்சி வெயிலில் உட்கார்ந்தும் கண் கூசாமல் துப்பறியும் கதையாகப் படித்துத் தள்ளினேன். "பாட்டும் வரல, படமும் ஓடல, இதுக்கா இம்புட்டு ரூவா?" என்று அத்தை ஒருநாள் குலுக்கிப் பார்த்ததோடு சரி.

ஆயுத பூஜையன்றுதான் வினை வந்தது. கத்தரிக்கோல், மீட்டர் கம்பியோடு மிஷினையும் வைத்தோம். "புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம இருக்கலாமா?" என்று அத்தை ஈரச் சந்தனத்தை, விரல் பட்டால் பக்கம் புரளும் அதன் கண்ணாடியிலேயே அப்பிவிட்டாள். நான் சூடம் காட்டும்போதே பக்கங்கள் தானாகப் புரண்டு, நாற்பதிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றன. கொலை செய்தது கம்பவுண்டர் என்று சாமி முன்னாலேயே தெரிந்துபோனது. "மிஷினுக்கு அருள் வந்துருச்சு!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஈரத்துணியால் துடைத்து, மொட்டைமாடியில் மிளகாய் வத்தலுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் காயவைத்தேன். பிறகு, நீங்கள் ஏற்றித் தந்த சேலை டிசைன் புத்தகத்தை முதல்தடவையாகத் திறந்தால், அரக்குச் சிவப்பு செங்கல் நிறத்தில் இருக்கிறது, கிளிப்பச்சை வெளிறிக் கிடக்கிறது, முந்தின பக்கத்து எழுத்து வேறு அடியில் லேசாகத் தெரிகிறது. சாயப்பட்டறை வீரணனிடம் காட்டினேன். "மொதலாளி, நூலா இருந்தா திரும்ப முக்கித் தாரேன். இத எங்கிட்டு முக்க?" என்றார். சாயம் போகாது என்று நாற்பது வருஷம் சத்தியம் செய்து விற்றவன் நான். தீபாவளிக்கு வந்து நீங்கள் கேட்டால் முகத்தை எங்கே வைப்பேன்? ரிப்பேருக்கு என்று பெங்களூருக்கு எடுத்துப் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அது இல்லாவிட்டால் எனக்குப் பகல் போகாது. தப்பு முழுக்க என்னுடையது, மன்னிக்கவும். சுகப்பிரியாவை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

இருவரும் நிறம் மங்காமல் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா தங்கசாமி

பி.கு: கவரை ஒட்டப்போகும்போது பக்கத்துக்கடை மதார் சாகிபு மகன் இர்பான் துபாயிலிருந்து லீவில் வந்தான். அவனிடமும் இதே மிஷின், அதே செங்கல் நிறம். "மாமா, பெட்டியில வாரப்பவே கலர் இம்புட்டுத்தான். பழைய எழுத்து தெரியிறதும் அப்படித்தான்" என்கிறான். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எழுதின தாளை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். சேலைக்கடைக்காரன் மாப்பிள்ளை சாயம் போன சரக்கை வாங்கலாமா? இனிமேல் எதையும் வெயிலில் பிரித்துப் பார்த்து வாங்கவும். மிஷினை மாற்றித் தர வேண்டாம். கம்பவுண்டர்தான் என்று தெரிந்தும் நாற்பதாம் பக்கத்திலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு வந்தால் அதை மட்டும் தொடாதீர்கள்.