இடது கூடையில் கை வைக்காதே

என்றும் என் நினைவை விட்டு நீங்காத (நீ செய்த எதுவுமே நீங்காத) தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அந்தச் செய்தி இந்நேரம் என் காதுக்கு வந்திருக்கும். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலையும் உன் அக்கா மகனின் ரத்தத்தையும் தவிர.

நாம் பேசிக்கொள்வதில்லை என்பதை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் எதை மறந்திருக்கிறேன்? அம்மாவின் இரும்புச் சட்டி யாருக்கு என்று பேச்சு வந்த அன்று, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "நீயே வெச்சுக்கோ, அந்தக் கரிச்சட்டியைக் கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாய். போன அவசரத்தில் உன் பச்சைக் குடையை விட்டுவிட்டுப் போனாய். குடை பத்திரமாக இருக்கிறது. தர மாட்டேன். அப்புறம் ஒரு நாள் என் மருமகளுக்குப் போன் போட்டு, "என்கிட்ட ரெண்டு கூடை வெச்ச ஏர் பிரையர் இருக்கு, இனிமே சட்டி யாருக்கு வேணும்" என்றாய். அவளிடம் சொன்னது போலச் சொன்னாய், என் காதில் விழுகிற மாதிரி சொன்னாய். விழுந்தது. சின்ன வயதில் என் தட்டில் இருந்த மொறுமொறுப்பான துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி மென்றாயே, அதே தோரணை. இவ்வளவுக்கும் பிறகு உனக்கு எழுதுகிறேன் என்றால் எனக்கு எவ்வளவு இக்கட்டு என்று நீயே புரிந்துகொள்.

விஷயம் இதுதான். என் பெரியவனுக்கு ரத்தத்தில் கொழுப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ரிப்பேர் செய்கிற மெக்கானிக் அவன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் எப்போதோ நின்று போய் அப்படியே நிற்கிறது. "அது வேற கம்பெனி லிஃப்டும்மா, நான் தொட்டா பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருகிறான். வந்து விழுந்தால் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. டாக்டர், "எண்ணெயில பொரிச்சதை நிறுத்துங்க" என்றாராம். வீட்டுக்கு வந்து அவன், மருமகள், பேத்தி மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நானே அவனைப் படுக்க வைத்து, ரத்தக் குழாயில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றியதைப் போலப் பார்த்தார்கள். "இன்னும் ரெண்டு வைம்மா, ஓரத்துல கருகினதா பாத்து வை" என்று இத்தனை வருஷமாகத் தட்டை நீட்டிய கை யாருடைய கை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

உடனே, எண்ணெயில்லாமல் சூட்டுக் காற்றிலேயே பொரிக்கிற ஏர் பிரையர் வாங்குவது என்று முடிவாயிற்று. முடிவு ஒரு நிமிஷத்தில் ஆயிற்று, எதை வாங்குவது என்பதற்குத்தான் வீடே இரண்டாகியது. பெரியவனுக்கு ஒரே கூடை, பெரிய கூடை வேண்டுமாம். மருமகளுக்கு இரண்டு கூடை வேண்டுமாம், ஏனென்றால் அவளுக்கு மீன் வாசனை ஆகாது, அவள் காலிஃப்ளவர் இவன் மீனோடு ஒரே அறையில் குடியிருக்கக் கூடாது. இரண்டும் ஒரே சமயத்தில் வெந்து முடிகிற மாதிரி அதில் ஒரு பொத்தானும் உண்டாம். அவள் ஆபீசில் கணக்குத் தணிக்கை செய்கிறவள் இல்லையா, மிஷினைத் தணிக்கை செய்ய ஆரம்பித்துவிட்டாள். பேத்தி வீடியோ காட்டினாள். ஒருத்தன் கேமராவுக்கு முன்னால் ஒரு உருளைக்கிழங்கைக் கடித்துவிட்டு, பெண் பார்த்துவிட்டு வந்தவன் போலக் கண்ணை மூடிக்கொள்கிறான். அதைப் பார்த்து நிறைய பேர் கைதட்டல் பொம்மை போடுகிறார்கள். ஒரு பெண்மணி ஒரு மிஷினுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று பார்த்தால், கொண்டுவந்து கொடுத்த ஆள் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லையாம். அந்த நட்சத்திரத்தைக் காட்டி, "பாருங்க, இது சரியில்லாத மிஷின்" என்கிறாள் மருமகள். போனிலேயே ஓட்டெடுப்பு நடந்தது. என்னுடையது பொத்தான் போன், அதனால் எனக்கு ஓட்டு இல்லை. ஓட்டு முடிந்தும் சண்டை முடியவில்லை. "உனக்கு எல்லாத்துலயும் தடுப்பு வேணும், சாப்பாட்டுலயுமா?" என்று இவன் கேட்க, "கல்யாணமான நாள்லேருந்து உங்க மீனோட வாழறேன், ஒரு கூடைகூடத் தனியா கேக்கக் கூடாதா?" என்று அவள் திருப்பிக் கேட்க, அன்றைக்கு யாரும் எதையும் சாப்பிடவில்லை. கொழுப்புக்கு நல்லதுதான்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் பேத்தி என் தோளில் கை போட்டுக்கொண்டு, "பாட்டி, மிஷின் வந்ததும் உங்க சட்டியை பால்கனியில வெச்சு செடி நட்டுடலாம். சூப்பரா இருக்கும்" என்றாள். அம்மாவின் சட்டியில், ஒரு செடி! எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சட்டிக்கு முன்னால் நிற்கிற வரைக்கும்தான் நான் இந்த வீட்டில் மற்றவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற ஆள். அது பால்கனிக்குப் போன மறுநாளே நான் சாப்பிடக் கூப்பிடப்படுகிற ஆள். அப்புறம் என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் போய்ப் பார்த்து வாங்கலாம் என்று எல்லோரும் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். மிஷினை லிட்டரில் அளக்கிறார்களே, மீனை யாராவது லிட்டரில் அளப்பார்களா? காலையிலேயே மீன் கடைக்குப் போய், இருப்பதிலேயே நீளமான மீன் ஒன்றை எடுத்தேன். "யாருக்கும்மா இவ்வளவு நீளம்?" என்று மீன்காரி கேட்டாள். "மிஷினுக்கு" என்றேன். மீன் உள்ளே போகாது, மிஷின் தோற்கும், சட்டி ஜெயிக்கும் என்பது என் கணக்கு. கணக்கு சரி, தங்கச்சி. என் கை என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு என் வீட்டு மீன் மொட்டையாகப் போவதா என்று, செதில் சீவி, கீறி, உப்பும் மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி, ஊற வைத்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெறும் மீனாகக் கொண்டுபோயிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கடையில் டை கட்டிய பையன் ஒருவன் வாயில் தேன் ஒழுகப் பேசினான். இரண்டு கூடை மிஷினைத் திறந்து காட்டி, "மேடம், நாலு பேர் குடும்பத்துக்கு இது தாராளம்" என்றான். நான் பையிலிருந்து மீனை எடுத்தேன். மருமகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிகள் பக்கம் போய்விட்டாள். பையன், "ஐயோ பாட்டிம்மா, இது டிஸ்பிளே பீஸ்" என்று சொல்லி முடிப்பதற்குள் மீனை இடது கூடையில் வைத்தேன். வால் முழுக்க வெளியே நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா? உள்ள போகல" என்றேன்.

"வெட்டிப் போடலாமே பாட்டிம்மா."

"எங்க வீட்டுல முழுசாத்தான் பொரிப்போம்."

"என்னைக்கும்மா நம்ம வீட்டுல முழு மீன் பொரிச்சோம்?" என்றான் நான் பெற்ற பிள்ளை. எதிரி வெளியிலிருந்து வருவதில்லை, தங்கச்சி.

"இன்னையிலேருந்து" என்றேன்.

அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? மிஷினுக்குள் கையை விட்டு, இரண்டு கூடைக்கும் நடுவிலிருந்த தடுப்பை இழுத்துக் கழற்றினான். இரண்டும் ஒரே கூடையாகிவிட்டது! மீனைக் கோணலாகப் படுக்க வைத்தான். வாலோடு படுத்துக்கொண்டது, சொந்தக் கட்டில் மாதிரி. "ஒரே பெரிய கூடை!" என்று பெரியவன் குதித்தான். "தடுப்பைப் போட்டா ரெண்டு!" என்று மருமகள் குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதோடு விட்டானா அந்தப் பையன்? மசாலா தடவியிருக்கிறதே, வீணாக்குவானேன் என்று பொத்தானை அமுக்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் வாசனை கிளம்பி, துணி துவைக்கிற மிஷின் வாங்க வந்தவர்கள், டிவி பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மானேஜர் ஓடி வந்தார், திட்டத்தான் வந்தார், ஒரு துண்டு வாயில் போனதும் அங்கேயே நின்றுவிட்டார். கூட்டத்தில் ஒரு பெண், "இந்த மசாலாவும் மிஷினோட சேத்துத் தர்றீங்களா?" என்று கேட்கிறாள். பையன் என்னைப் பார்க்கிறான். நான் கூரையைப் பார்த்தேன். என் மீனைக் காட்டி அவன் யார் யாருக்கோ மிஷின் விற்றான். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். வாயைத் திறக்கவில்லை. தோற்ற இடத்தில் யாராவது விருந்து சாப்பிடுவார்களா?

அன்றே வாங்கியிருப்பார்கள். பெரியவன்தான், "சித்தி ரொம்ப நாளா இதே மாதிரி வெச்சிருக்காங்க, ஞாயித்துக்கிழமை அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கலாம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறான். பெற்றவள் பேச்சுக்கு மதிப்பில்லை, சித்தி பேச்சு என்றால் வேதம். ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவன் கேட்கும்போது மிஷின் உதவாது என்று சொல்லிவிடு. நம் அத்தையின் சமையலைப் பற்றி அம்மா சொல்வாளே, அட்டையை மென்ற மாதிரி என்று, அந்த வார்த்தையையே சொல். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட நீ என் பக்கம் நின்றதில்லை. பள்ளிக்கூடத்தில் மைக்கூட்டை உடைத்தது யார் என்று வாத்தியார் கேட்டபோது, என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டே அவசரமாக என்னைக் காட்டியது உன் விரல். உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது என்னை. இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதற்கும் நீதான் பொறுப்பு. இந்த ஒரு தடவை என் பக்கம் நில். நின்றால் மைக்கூட்டை மன்னித்துவிடுகிறேன். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழட்டும். உனக்கான ஆசீர்வாதத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிப் பேத்தியிடம் கொடுத்தேன், அவள் பையிலேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்த பெரியவன், வந்த வேகத்தில் உனக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நான் அடுப்படியில் நின்றேன், உனக்குத் தெரியாது. "டேய், மிஷினெல்லாம் எதுக்குடா? அட்டையை மென்ன மாதிரி இருக்கும். என்னோடது பரண்ல கிடக்கு" என்றாய். எனக்குக் கை நின்றுவிட்டது. "உங்கம்மாகிட்டேருந்து அந்தச் சட்டியைப் பிடுங்கிட்டா அவ என்னடா பண்ணுவா? அவளுக்குச் சும்மா உக்காரத் தெரியுமா?" என்றும் சொன்னாய். நான் இன்னும் கேட்கவே இல்லையே, தங்கச்சி. கடிதம் அப்போது பேத்தியின் பையில் இருந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய கோபத்தை ஒரே போனில் பாழாக்கிவிட்டாய்.

"சித்தியே சொல்லியாச்சு. மிஷின் வேணாம். சட்டியை வைம்மா" என்று தட்டோடு வந்து நின்றான். ஜெயித்துவிட்டேன். சட்டியை ஏற்றி, எண்ணெய்த் தூக்கைக் கையில் எடுத்துத் திரும்பினால், நிலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். மூட்டையை இறக்கி அவ்வளவு நேரம் ஆகியும் மூச்சு அடங்கவில்லை. எண்ணெய் ஊற்ற முடியவில்லை எனக்கு. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "கிளம்புடா, கடை மூடறதுக்குள்ள. நடுவுல தடுப்பு கழர்றதா பாத்து வாங்கு" என்றேன்.

வந்துவிட்டது. இடது கூடை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். எதை எப்போது போடுவது என்று மூன்று பேரும் என்னைத்தான் கேட்கிறார்கள், சட்டிக்கு முன்னால் நின்ற மாதிரியே நிற்கிறேன். சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஓரம் நல்ல மொறுமொறுப்பாக வருகிறது. அட்டையாவது மண்ணாவது. பரண்மேல் கிடக்கிறது என்று நீ சொன்ன மிஷினில் நேற்றுகூட நீ கோழி வைத்தாய் என்று மருமகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆக, எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய்.

சட்டியைக் கழுவி எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். அனுப்ப மாட்டேன், வந்து எடுத்துக்கொண்டு போ. குடையையும். வலது கூடை முழுவதும் உனக்கு. இடதில் மட்டும் கை வைத்தாயோ, பழைய கதையெல்லாம் திரும்ப ஆரம்பிப்பேன்.