மைக் மூடிக் கிடந்த மூன்று ஞாயிறுகள்

என் அருமை மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதும் கடிதம். உனக்கும் என் அக்காவுக்கும், அதாவது உன் அம்மாவுக்கும், ஒரு குறையும் இல்லாதிருக்கட்டும். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். கையில் போன் இருக்க இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். போனில் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்டால் "எஃப் ஆறை அமுக்குங்க மாமா" என்று இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடுகிறாய். கடிதமென்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு பஸ் ஏறி வந்து, என் அறையிலிருக்கும் இன்னொரு கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, என்னோடு வாயாடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன் நீ. ஆறு மாதம் முன்பு உன் பழைய கம்ப்யூட்டரைச் சுமந்து வந்து மேசையில் வைத்து, "இனிமே அலைச்சலே இல்ல மாமா, ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நேருக்கு நேரா பாத்துப் பேசிக்கலாம்" என்றாய். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நீ வரவே இல்லை.

போன மாதம் அதில் சத்தம் நின்றுபோனதும் உனக்குப் போன் செய்தேன். "கறுப்பு ஜன்னலத் தெறந்து அல்சாமிக்சர்னு டைப் பண்ணுங்க, சத்தத்த ஏத்தி எறக்கற எடம் வரும்" என்றாய். முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்னவன் நான். சத்தம் என்றால் எனக்குத் திருகுகிற குமிழ்தான் தெரியும். இதிலோ குமிழும் இல்லை, படமும் இல்லை, மௌஸ் செல்லாக்காசு. வெறும் எழுத்தாலேயே தூண் தூணாக நிற்கிறது. பக்கத்து அம்புக்குறியை அமுக்கினால் அடுத்த தூணுக்குப் போகிறது, மேல் அம்புக்குறியை அமுக்கினால் தூண் வளர்கிறது. ஒவ்வொன்றின் காலடியிலும் இரண்டு பச்சை வட்டம். வட்டம் என்றால் சைபர், சைபர் என்றால் சத்தம் பூஜ்யம் என்று நானாகவே முடிவு கட்டி, எம் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், வட்டம் போய் எம் எம் என்று வந்தது. சைபருக்கு எழுத்து தேவலை என்று ஒன்றுவிடாமல் எல்லாத் தூணையும் எம் எம் ஆக்கிவிட்டு மறுபடி உன்னைக் கூப்பிட்டேன். "ஐயோ மாமா, எம் எம்னா வாயக் கட்டிப் போட்டிருக்குன்னு அர்த்தம்! வட்டம்தான் தெறந்திருக்கறது. நல்லா இருந்ததப் போயி ஏன் மாமா கெடுத்தீங்க?" என்றாய். சரியென்று எல்லாவற்றையும் திறந்து, சிவப்பு வரும்வரை உச்சியில் ஏற்றி வைத்தேன். அப்போதும் கப்சிப். இரண்டு நாள் கழித்து, செய்தியை ஓடவிட்டு அறையைப் பெருக்கும்போது மேசைக்கடியில் எறும்பு பேசுவதுபோல ஒரு குரல். குனிந்து பார்த்தால், நீ விட்டுப்போன இயர்போன், நானே எப்போதோ செருகி மறந்தது, பின்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது, நாட்டு நடப்பெல்லாம் அதற்குள் நடக்கிறது. பிடுங்கினேன் பார், உச்சியில் நின்ற தூணெல்லாம் ஒரே நேரத்தில் அலறியதில் கீழ்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக மாடியேறி வந்து, "என்ன சார், ரயில வீட்டுக்கே வரச் சொல்லிட்டீங்களா?" என்றார். பல நாளைக்குப் பிறகு என் வாசலுக்கு வந்த ஆள் அவர்தான். உட்காரச் சொன்னேன், வேலை கிடக்கிறது என்று போய்விட்டார்.

சரி, சத்தம் வந்துவிட்டதா, அடுத்த மூன்று ஞாயிறும் நாலு மணிக்கு நீ திரையில் வந்தாய், உன் குரலும் கணீரென்று கேட்டது. முதல் ஞாயிறு, குளியலறையில் வழுக்கி முழங்கால் வீங்கிய கதையைச் சொன்னேன். "சரி மாமா" என்றாய். இரண்டாம் ஞாயிறு, காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்து ஆறு பத்து வண்டியை அறிவிக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை என்றேன். "அதான் மாமா நல்லது" என்றாய். மூன்றாம் ஞாயிறு, உன் கட்டில் சும்மா கிடக்கிறது, தையல்காரர் கேட்கிறார், கொடுத்துவிடட்டுமா என்றேன். கொடுக்காதீங்க மாமா, நான் வருவேன் என்று நீ சொல்வாய் என்றுதான் கேட்டேன். "ஆமா மாமா, அப்படியே பண்ணிடுங்க" என்றாய். அன்று சாயங்காலமே தையல்காரரும் அவர் மனைவியும் அதைச் சாய்த்துப் பிடித்துப் படியிறக்கிக் கொண்டுபோனார்கள். இருந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

நேற்றுத்தான் சும்மா இருக்காமல் அந்தக் கறுப்பு ஜன்னலில் எஃப் நாலை அமுக்கினேன். உள்ளே போகிற சத்தத்துக்கு அங்கே தனித் தூண்களாம். மைக் தூண் தரையோடு தரையாகக் கிடந்தது. கண்டதையும் அமுக்கிய களேபரத்தில் நானே அதை மூடியிருக்கிறேன். மூன்று ஞாயிறும் நான் பேசியதில் ஒரு சொல்கூட உன்னிடம் வந்து சேரவில்லை. நீ பாட்டுக்கு வேறெதையோ பார்த்தபடி, வாயசைக்கிற மாமாவுக்குச் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறாய். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. உன்மேல் எனக்கு என்றைக்குடா கோபம் வந்திருக்கிறது? வலித்தது, அவ்வளவுதான்.

ஸ்பேஸை அமுக்கி, சிவப்பு அடையாளம் வந்ததும் தூணை ஏற்றி, என் குரலை நானே பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். அட்டகாசம். இப்போது இந்த விஷயத்தில் நான் கரைகண்டவன். ஆகவே நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். கால் வீக்கமும் வடிந்துவிட்டது. கட்டிலும் உபயோகப்படுகிற இடத்தில் இருக்கிறது.

நீ எடுத்த வேலையெல்லாம் கைகூடட்டும். நீ ஏறும் பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வந்து, ஜன்னலோரம் இடமும் கிடைக்கட்டும். அக்காவிடம் தம்பி விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் திரும்பி வந்து எழுதுகிறேன். ஓடிவர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. இப்போதுதான் அந்த ஜன்னலைத் திறந்து, ஒரு தூண் பாக்கியில்லாமல் எம் அமுக்கிவிட்டு, மைக்கையும் மூடிவிட்டு வந்தேன். இனி இதில் சத்தம் வரவும் வராது, போகவும் போகாது. திருப்பித் திறக்க எனக்குத் தெரியவே தெரியாது. போனில் சொன்னால் என் மண்டையில் ஏறாது. தையல்காரரிடம் தயங்கித் தயங்கிக் கட்டிலைக் கேட்டேன். "அதுக்கென்ன சார், ஞாயித்துக்கெழமைக்குள்ள மேல ஏத்திடறேன்" என்றார். நேரில் வந்து பாருடா.