மூன்று கையெழுத்து வேண்டிய வீடு

முப்பது வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் வீடுகளுக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, இப்போது நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் என் மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அக்காவின் உடம்பு தேறியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே கடையும் நானும் ஓடிக்கொண்டிருக்கிறோம். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது. இனி மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் உங்களால் வந்தது மச்சான். போன வருடம் நீங்கள் இங்கே வந்திருந்தபோது, நான் கேட்காமலே, "வீட்டை உங்க பேர்லயே வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? பாதியை இப்பவே பொண்ணு பேருக்கு எழுதிடுங்க. பின்னாடி அவளுக்கு அலைச்சல் இருக்காது" என்றீர்கள். ஒரே மகள், எப்படியும் அவளுக்குத்தானே என்று நானும் தலையாட்டினேன். "சும்மா பேருக்குத்தாம்மா, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று சொல்லித்தான் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துவிட்டது. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிக்கிற எடை அளவு ஆய்வாளர் அவள். ஆணியை எடை போட்டு விற்கிறவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை! வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் கடைத் தராசில் படிக்கல்லை வைத்துப் பார்த்து, "அப்பா, இருபது கிராம் கூடக் காட்டுது, நீங்களா சரி பண்றீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?" என்று கேட்டவள். அவளிடம் போய்ப் பேருக்கு என்று சொன்னால் என்ன ஆகும்? "பேருக்குன்னு ஒரு அளவு கிடையாதுப்பா. பாதின்னா பாதி" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் மாதமே என்னைக் கேட்காமல் சமையலறைக் குழாயை மாற்றினாள். பழைய குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது, புதுக் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் "யாரைக் கேட்டு மாத்தினே?" என்று நான் குதித்தேன். குதித்ததோடு விட்டிருக்கலாம். வியாபாரப் புத்தி விடவில்லை. முன்பு எனக்கு ஒரு கூட்டாளி இருந்தபோது, எதைச் செய்தாலும் இரண்டு பேரும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வழக்கம் வைத்திருந்தோம். அதே போல ஒரு நோட்டு வாங்கி வந்து, 'வீட்டில் எந்த மாற்றம் செய்தாலும், எந்தப் பொருளைக் கொண்டுவந்து வைத்தாலும், இரு உரிமையாளரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும்' என்று நானே என் கையால் எழுதினேன். மகள் இரண்டு தடவை படித்துவிட்டுச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த நாள் காலை எழுந்து வந்து பார்த்தால், கூடத்தில் நான் அடுக்கி வைத்திருந்த கீல் பெட்டிகள், தாழ்ப்பாள் பெட்டிகள் எல்லாவற்றின் மேலும் ஆளுக்கொரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'சம்மதம் இல்லை.' பதினோரு வருடமாக அந்தக் கூடத்தில் குடியிருந்த பெட்டிகள் மச்சான்! ஒரே நாளில் காலி பண்ண வைத்துவிட்டாள். கூடம் இவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இதெல்லாம் போகட்டும். இப்போது தலைக்கு மேல் வந்திருப்பது வேறு. என் கடைக்கு அடுத்தாற்போல் ஒரு தையற்காரர் கடை இருக்கிறதே, அவர் தொழிலை விடுகிறார், கடையை விற்கிறார். நடுச்சுவரை இடித்துவிட்டால் என் கடைக்கு இரண்டு வாசல். இதற்காக எத்தனை வருடம் காத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை வரை எனக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதற்குள் செருப்புக் கடைக்காரர் தினமும் வந்து அவரிடம் குசலம் விசாரித்துவிட்டுப் போகிறார். அந்த ஆளுக்கு ஒரு தையலும் கிடையாது, எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? ஆகவே வீட்டை விற்றுவிட்டு, கடைக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தரகரும் ஒரு பல் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டார். நான் வாசலில் நின்று, காற்று, வெளிச்சம், தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எடுத்து விடுகிறேன், டாக்டரும் தலையாட்டிக்கொண்டே வருகிறார், அந்த நேரம் பார்த்து மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"சார், குளியலறைச் சுவர்ல ஈரம் இறங்கும். நாலு வருஷமா இறங்குது. நீங்க வர்றீங்கன்னு அப்பா நேத்துதான் பெயிண்ட் அடிச்சார். தொட்டுப் பாருங்க, ஒட்டும்."

டாக்டர் தொட்டார். ஒட்டியது.

"நீ யார் பக்கம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், ஒரு பல் டாக்டருக்கு முன்னால்.

"வாங்கறவங்க பக்கம்பா. அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதரோ, "இவ்வளவு உண்மை பேசற வீட்டை நான் எங்க போய்த் தேடுவேன்?" என்று சொல்லி, நான் கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டார்! நாற்பது வருடமாக நான் வியாபாரம் செய்த முறையே தப்போ என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

சரி, கையெழுத்துப் போடு என்று மகளிடம் பத்திர நகலை நீட்டினால், "அம்மாவைக் கேட்டீங்களா?" என்றாள்.

"அம்மா பேர்ல வீடு இல்லையேம்மா."

"அதான் நானும் பார்த்தேன்" என்றாள். அடுத்த வாரமே தன் பாதியில் பாதியை உங்கள் தங்கை பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது இந்த வீட்டை விற்க மூன்று கையெழுத்து வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். முப்பத்துநாலு வருடத்தில் நான் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டங்க" என்பதைத் தவிர உங்கள் தங்கை வேறு சொன்னதில்லை. மூன்று பேர் பெயரும் போட்டு மாற்றி எழுதிய பத்திரத்தோடு பேனாவையும் திறந்து கையில் கொடுத்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என் கண்ணாடியை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறாள். இரண்டாம் நாள், "வடக்குச் சுவர் இருபத்தெட்டு அடின்னு போட்டிருக்கே, யார் அளந்தா?" என்றாள். மகள் ஓடிப்போய் நாடாவை எடுத்து வந்தாள், இருபத்தேழரை. நான்காம் நாள், "'சகல பாத்தியதைகளுடன்'னா என்னென்னங்க?" என்று கேட்டு, நான் திணறியதும், "தெரியாமலேவா விக்கிறீங்க?" என்றாள். ஆறாம் நாள், அந்த மாடியில் இருக்கிற இரண்டு அறையில் தன்னுடைய அறை எது என்று கேட்டாள். ரெண்டும் நம்மளோடதுதான் என்றேன். "அப்ப ஒண்ணும் என்னோடது இல்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். நேற்று, கொஞ்சம் டீ கிடைக்குமா என்று கேட்டேன். "போட்டுக்கங்க, அடுப்பு பொதுவுலதானே இருக்கு" என்கிறாள் மச்சான்! கால் பங்குக்கே இப்படி என்றால், முழு வீட்டையும் எழுதிக் கொடுத்திருந்தால் என்னிடம் நுழைவுச் சீட்டு கேட்டிருப்பாள்.

ஆகையால், நீங்கள் தவறாமல் வியாழக்கிழமை இங்கே வர வேண்டும். வந்து, அண்ணன் என்கிற முறையில் தங்கையை உட்கார வைத்து, "இவ்வளவு நாள் அவர் பேச்சைக் கேட்டு என்ன கெட்டுப்போச்சு, பேசாம போட்டுடு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். மகளிடம் மட்டும் வாயைக் கொடுக்காதீர்கள், உங்கள் ஓய்வூதியக் கணக்கு வரைக்கும் சரிபார்த்துவிடுவாள். இல்லையென்றால் என் வாழ்நாள் ஆசை வெள்ளிக்கிழமையோடு செருப்புக் கடைக்காரர் காலடிக்குப் போய்விடும், அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் சத்தமில்லாமல் திறந்து மூட, வருகிறவர்கள் எல்லாம் நல்ல செய்தியோடு வர, அக்காவும் தாங்களும் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும். பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
அரை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் தங்கை வந்து, பத்திரத்தை என் முன்னால் வைத்தாள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே மகளும் போட்டிருக்கிறாள். நிபந்தனை ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க. கடையைப் பூட்டும்போதெல்லாம் அந்தத் தையல் கடைச் சுவரைத் தட்டிப் பார்த்துட்டுதான் கிளம்புவீங்க. நான் சாப்பாடு கொண்டு வர்றப்ப எத்தனை தடவை பார்த்திருக்கேன். எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். பேரமே பேசவில்லை. எதிராளி பேரம் பேசாமல் கொடுத்தால் எனக்குக் கை ஓடாது மச்சான், இது என் தொழில் வியாதி. இரண்டு மணி நேரமாகப் பத்திரம் என் எதிரில் இருக்கிறது. என் இடம் ஒன்றுதான் காலி. பேனா எழுதவில்லை என்றேன், மகள் வேறு பேனா கொண்டு வந்தாள், அது எழுதித் தொலைக்கிறது. ஆகவே வியாழக்கிழமை கண்டிப்பாக வாருங்கள். ஆனால் மேலே எழுதியது எதையும் சொல்ல வேண்டாம். எல்லோர் முன்னாலும் என்னை நன்றாகத் திட்டி, வீட்டை விற்கக் கூடாது என்று சத்தம் போடுங்கள். நான் எதிர்த்துப் பேசுவேன். விட்டுவிடாதீர்கள். மூன்றாவது தடவை நீங்கள் சொன்னதும், பெரியவர் பேச்சைத் தட்ட முடியாமல் ஒத்துக்கொள்கிறேன்.